“வலிக்கிறது” என்று சொல்வது ஸப்ருக்கு எதிரானதா?

ஜும்ஆ பயான் – உடுமலைப்பேட்டை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மத் முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் தூய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

   

இன்று ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அது என்னைப் பற்றிய கேள்வியும்கூட.

சில வாரங்களுக்கு முன்பு இதே மிம்பரில் ஸப்ரைப் பற்றிப் பேசினேன். நோய் வந்தால் பொறுமையாக இருக்க வேண்டும், பாவங்கள் உதிரும், அந்தஸ்து உயரும் என்றெல்லாம் சொன்னேன். சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் அதன் பிறகு ஒரு சகோதரி என் வீட்டாரிடம் வந்து ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயரும் தெருவும் சொல்ல மாட்டேன், யாரும் யூகிக்கவும் வேண்டாம். பல வருடமாக அவருக்கு இடுப்பு வலி. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் நிற்க முடியவில்லை. அவர் சொன்னது இதுதான்:

“ஹஜ்ரத் ஸப்ரைப் பத்திப் பேசுனதுக்கு அப்புறம், நான் வலிக்குதுன்னு வாயைத் தொறந்தாலே எங்க வீட்டுக்காரர், ‘ஹஜ்ரத் சொன்னது மறந்து போச்சா’ன்னு கேக்கறாருங்க. இப்ப நான் சொல்றதையே விட்டுட்டேன். வலிக்குதுன்னு சொல்றது பாவமுங்களா? ஹஜ்ரத்தைக் கேட்டுச் சொல்லுங்க.”

இதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் வாயை அடைக்கும் பூட்டாகப் போயிருக்கிறது. தவறு அந்தக் கணவரிடம் மட்டும் இல்லை. பாதியைச் சொல்லி, மீதிப் பாதியைச் சொல்லாமல் இறங்கியவன் நான். அந்த மீதியை இன்று சொல்லப் போகிறேன், இன்ஷா அல்லாஹ்.

இது எத்தனை வீட்டுக் கதை?

நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். நூற்பாலையில் நின்றே வேலை பார்த்துக் கால் வீங்கியவர்கள், பனியன் கம்பெனியில் வருடக்கணக்காகத் தையல் மெஷினில் குனிந்து கழுத்துத் தேய்ந்தவர்கள், மூட்டை தூக்கி முதுகு போனவர்கள், தேங்காய் களத்தில் வேலை செய்து தோள் பிடித்துக்கொண்டவர்கள், பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் வண்டி ஓட்டியே டிஸ்க் விலகியவர்கள். மூட்டுவாதம் உள்ளவர்கள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், பிரசவத்துக்குப் பிறகு வந்த இடுப்பு வலி போகாமலே இருப்பவர்கள்.

காய்ச்சல் என்றால் நான்கு நாள். வீடே கஞ்சி வைத்துக் கொடுக்கும். எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டிருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும், நலம் விசாரிக்க வருவார்கள். ஆனால் வருடக்கணக்கில் இருக்கும் வலி யார் கண்ணுக்கும் தெரியாது. முதல் மாதம் விசாரிப்பார்கள். ஆறாவது மாதம் “இன்னும் சரியாகலையா?” என்பார்கள். இரண்டாவது வருடம் யாரும் கேட்க மாட்டார்கள். கோயமுத்தூர் போய் ஸ்கேன் எடுத்து, “பெரிதாக ஒன்றும் இல்லை” என்று டாக்டர் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அன்றிலிருந்து வலி என்று சொல்வதே பொய் போல ஆகிவிடுகிறது.

மருத்துவ உலகம் இப்போது இதை எப்படிப் பார்க்கிறது தெரியுமா? 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். வலியை ஆய்வு செய்வதற்கென்றே ஒரு சர்வதேச மருத்துவச் சங்கம் இருக்கிறது. அவர்கள் 2020-ல் வலிக்கான விளக்கத்தைத் திருத்தி வெளியிட்டார்கள். வலி என்பது உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்று அதில் இருக்கிறது. இன்னொன்றையும் குறிப்பிட்டார்கள்: ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது.

டாக்டர்கள் 2020-ல் எழுதியதை, நம்முடைய நபி (ஸல்) அவர்கள் ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்பு தம் வீட்டில் வாழ்ந்து காட்டினார்கள். அதைப் பார்ப்போம்.

“என் தலை வலிக்கிறதே!” – மதீனாவின் ஒரு வீட்டில்

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் நோயாளிகள் பற்றிய பகுதியில் ஒரு பாடத்துக்குத் தலைப்பு வைக்கிறார்கள். எனக்கு வேதனையாக இருக்கிறது என்றோ, ஐயோ என் தலையே என்றோ சொல்ல நோயாளிக்கு அனுமதி உண்டு என்பதுதான் அந்தத் தலைப்பின் கருத்து. ஒரு ஹதீஸ் கலை மேதை இதற்காகத் தனியாக ஒரு பாடம் வைக்கிறார் என்றால், அன்றைக்கும் இந்தச் சந்தேகம் மக்களிடம் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்தப் பாடத்தில் 5666-வது ஹதீஸ். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் கடுமையான தலைவலி. “வா ரஃஸாஹ்”, ஐயோ என் தலையே என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், நான் உயிரோடு இருக்கும்போது உனக்கு அந்த முடிவு வந்துவிட்டால் உனக்காக நான் பாவமன்னிப்புத் தேடுவேன், துஆ செய்வேன் என்ற கருத்தில் சொன்னார்கள்.

இதற்கு ஆயிஷா (ரலி) என்ன பதில் சொன்னார்கள்? கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். நான் இறந்து போவதைத்தான் நீங்கள் விரும்புகிறீர்கள் என்று நினைக்கிறேன், அப்படி நடந்துவிட்டால் அன்றைய மாலையே உங்கள் மனைவியரில் வேறு ஒருவரோடு இருப்பீர்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

சகோதரர்களே, தலைவலியில் ஆரம்பித்த பேச்சு எங்கே போய் நிற்கிறது பாருங்கள். வலி இருக்கும் மனதின் அடியில் ஒரு பயம் இருக்கிறது. நான் இவருக்குப் பாரமாகிவிட்டேனோ, எனக்குப் பதில் வேறு ஒருத்தி வந்துவிடுவாளோ என்ற பயம். நீண்ட நாள் நோயாளியான எந்த மனைவியிடமும், எந்தக் கணவனிடமும் இந்தப் பயம் இருக்கும். வெளியே சொல்வது தலைவலியை, உள்ளே இருப்பது இந்தப் பயம்.

நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? “அல்லாஹ்வின் தூதரிடம் பேசும் பேச்சா இது?” என்று கேட்டார்களா? “ஸப்ர் எங்கே?” என்று கண்டித்தார்களா? இல்லை. மற்றோர் அறிவிப்பில் அவர்கள் புன்னகைத்தார்கள் என்று வருகிறது. புகாரியின் அறிவிப்பில், இல்லை ஆயிஷா, நான்தான் என் தலையே என்று சொல்ல வேண்டும் என்று தம்முடைய வலியையும் அவரிடம் சொன்னார்கள். இப்னு மாஜாவின் அறிவிப்பில், பகீஉ மையவாடியிலிருந்து வீடு திரும்பியபோது நடந்த பேச்சு இது என்று வருகிறது. அண்ணலார் (ஸல்) அவர்களின் இறுதி நோய் தொடங்கிய நேரம் அது.

கணவன் மனைவி இருவருக்கும் வலி. இருவரும் சொல்கிறார்கள், இருவரும் கேட்கிறார்கள். நாயகத்தின் வீடு இப்படித்தான் இருந்தது. நம் வீட்டில் ஒருவர் சொன்னால் மற்றவர் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

நபிமார்கள் வலியைச் சொல்லவில்லையா?

ஸப்ர் என்றதும் நம் நினைவுக்கு வருவது அய்யூப் (அலை) அவர்கள். அவர்கள் வாயே திறக்கவில்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அல்அன்பியா அத்தியாயத்தின் 83-வது வசனத்தைப் பாருங்கள். எனக்குத் துன்பம் நேர்ந்துவிட்டது, நீயோ கருணையாளர்களிலெல்லாம் பெரும் கருணையாளன் என்று அவர்கள் தம் ரப்பிடம் முறையிட்டதை அல்லாஹ்வே நமக்குச் சொல்லிக் காட்டுகிறான். துன்பத்தை வாய்விட்டுச் சொன்ன அந்த நபியைத்தான் ஸாத் அத்தியாயத்தின் 44-வது வசனத்தில், அவரைப் பொறுமையாளராகக் கண்டோம், அவர் எவ்வளவு நல்ல அடியார் என்று அல்லாஹ் புகழ்கிறான். சொன்னதால் அவர்களுடைய ஸப்ர் முறிந்துவிடவில்லை.

யஃகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமை என்ற வார்த்தையைச் சொன்னவர்கள். அதே யூஸுஃப் அத்தியாயத்தின் 84-வது வசனத்தில் அழுது அழுது அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதாக வருகிறது. 86-வது வசனத்தில் என் கவலையையும் துயரத்தையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்று சொன்னதாக வருகிறது. அழகிய பொறுமைக்குள் கண்ணீருக்கும் இடம் இருக்கிறது.

நம் நபி (ஸல்) அவர்கள் கடும் காய்ச்சலில் இருந்தபோது இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, உங்களுக்குக் காய்ச்சல் மிகவும் கடுமையாக இருக்கிறதே என்றார்கள். ஆம், உங்களில் இரண்டு பேருக்கு வரும் அளவுக்கு எனக்கு வருகிறது என்று நபியவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். இது புகாரியின் 5648-வது ஹதீஸ்.

அப்படியானால் எது தடுக்கப்பட்டது? உலமாக்கள் பிரித்துச் சொல்கிறார்கள். அல்லாஹ்வின் விதியைக் குறை சொல்வது, “எனக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்தான்” என்று அவன் மீது கோபித்துக்கொள்வது, நம்பிக்கை இழப்பது ஆகியவைதான் ஸப்ருக்கு எதிரானவை. தன் நிலையை டாக்டரிடமோ, துணையிடமோ, துஆ செய்யும் நல்லவரிடமோ எடுத்துச் சொல்வது செய்தி சொல்வதாகும். அதில் குற்றம் இல்லை.

ஆக, அந்தச் சகோதரிக்கு என் பதில்: இல்லைம்மா, வலிக்கிறது என்று சொல்வது பாவம் இல்லை. தாராளமாகச் சொல்லுங்கள். அவருடைய கணவருக்கும், இங்கே உட்கார்ந்திருக்கும் நம் அனைவருக்கும் என் பதில்: ஸப்ர் என்பது வலி உள்ளவர் தன்னிடம் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று. வலி இல்லாதவர் அடுத்தவரின் வாயை மூட எடுக்கும் துணி இல்லை அது.

அய்யூப் நபியின் மனைவி

அய்யூப் (அலை) அவர்களின் நோய் 18 வருடங்கள் நீடித்தது என்று அனஸ் (ரலி) அவர்கள் வழியாக இப்னு ஹிப்பானில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. நெருங்கியவர்களும் தூரத்து உறவினரும் விலகிப் போனார்கள். இரண்டு நண்பர்கள் மட்டும் காலையும் மாலையும் வந்து போனார்கள். அவர்களில் ஒருவர் மற்றவரிடம், உலகத்தில் யாரும் செய்யாத பாவத்தை இவர் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை வருடம் அல்லாஹ் இரக்கம் காட்டாமல் இருப்பானா என்று பேசினார். அந்தப் பேச்சு அய்யூப் நபியின் காதுக்கு வந்தபோது அவர்களுக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்!

இன்றைக்கும் நம் வீட்டுத் திண்ணையில் இந்தப் பேச்சு நடக்கிறது. “என்ன பாவம் பண்ணுனாளோ”, “யார் வயித்தெரிச்சலோ”, “வேலை செய்யறதுக்குச் சோம்பேறித்தனம்”. ஒரு நபியைப் பற்றியே தவறாகக் கணக்குப் போட்டார்கள் என்றால், நாம் போடும் கணக்கு எந்த மூலைக்கு?

அதே அறிவிப்பில் ஒரு காட்சி வருகிறது. அய்யூப் (அலை) அவர்கள் இயற்கைத் தேவைக்காக வெளியே போனால், முடிந்த பிறகு அவர்களின் மனைவி கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். ஒரு நாளோ ஒரு மாதமோ இல்லை. சீமான் வீட்டில் வாழ்ந்த அம்மையார், செல்வமும் சுற்றமும் போன பிறகும் அந்தக் கையை விடவில்லை.

ஆனால் அந்த வீட்டிலும் ஒரு மனஸ்தாபம் வந்தது. ஏதோ ஒரு காரியத்தில் மனைவி மீது கோபம் ஏற்பட்டு, குணமானதும் நூறு அடி அடிப்பதாக அய்யூப் (அலை) அவர்கள் சத்தியம் செய்தார்கள் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். நபிமார்களின் கோபத்தை நம் கோபத்தோடு ஒப்பிட முடியாது. ஆனால் அல்லாஹ் என்ன தீர்ப்புக் கொடுத்தான் என்று பாருங்கள். ஒரு பிடிப் புல்லை எடுத்து அதனால் ஒரு முறை தட்டிவிடுங்கள், சத்தியத்தை முறிக்க வேண்டாம் என்றான். இத்தனை காலம் இரக்கத்தோடு பணிவிடை செய்த அந்தப் பெண்ணுக்கு அடி கூலியாக இருக்கக் கூடாது என்பதற்காகவே இந்த வழி காட்டப்பட்டது என்று இமாம் இப்னு கஸீர் (ரஹ்) விளக்குகிறார்கள்.

பணிவிடை செய்பவருக்கும் மனம் இருக்கிறது, அவரையும் நோகவிடக் கூடாது என்று அல்லாஹ்வே பார்த்துக்கொண்டான். வலியில் இருக்கும் சகோதரரே, சகோதரியே! நீங்களும் கவனியுங்கள். வலி வரும்போது வார்த்தை சூடாக வரும். மனிதன்தானே! ஆனால் வலி கொஞ்சம் இறங்கிய பிறகு, “அப்ப வலியில பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை பிடிப் புல் மாதிரி.

ஆண்களின் வலி

இதுவரை மனைவியின் வலியைப் பேசினோம். கணவனுக்கு வலி இருக்கும் வீடும் இருக்கிறது. அங்கே பிரச்சினை வேறு மாதிரி. நம் ஆண்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஆண்மைக்குக் குறை என்று நினைக்கிறார்கள். அது கோபமாக வெளியே வரும். சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று தட்டைத் தள்ளுவார். பிள்ளை சத்தம் போட்டால் கத்துவார். மனைவிக்கோ, இவருக்கு முதுகு வலி என்று தெரியாது. இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

ஹிரா குகையிலிருந்து முதல் வஹ்யைச் சுமந்து இறங்கிய நபி (ஸல்) அவர்கள் நேராக எங்கே போனார்கள்? கதீஜா (ரலி) அவர்களிடம் போனார்கள். என்னைப் போர்த்துங்கள் என்றார்கள். நடுக்கம் அடங்கியதும், எனக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயப்படுகிறேன் என்று மனைவியிடம் மனம் திறந்தார்கள். புகாரியின் ஆரம்பத்திலேயே, 3-வது ஹதீஸாக இது பதிவாகியிருக்கிறது. பயமாக இருக்கிறது என்று மனைவியிடம் சொல்வது பலவீனம் என்றால், உலகத்தின் மாபெரும் வீரர் அதைச் சொல்லியிருப்பார்களா?

கதீஜா (ரலி) அவர்களின் முறையையும் பாருங்கள். முதலில் போர்த்திவிட்டார்கள். நடுக்கம் அடங்கும் வரை இருந்தார்கள். பிறகு கேட்டார்கள். பிறகு, உறவைச் சேர்த்து வாழ்கிறீர்கள், ஏழைகளுக்கு உதவுகிறீர்கள், அல்லாஹ் உங்களை ஒருபோதும் கைவிட மாட்டான் என்ற கருத்தில் ஆறுதல் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் விவரம் தெரிந்த வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துப் போனார்கள். நாம் தலைகீழாகச் செய்கிறோம். சொல்ல ஆரம்பித்த உடனே, “அந்த டாக்டரைப் பாரு, இந்த எண்ணெயைத் தேய்” என்று யோசனையில் ஆரம்பிக்கிறோம். யோசனை கெட்டது இல்லை. அதற்கு முன்னால் போர்வை வேண்டும்.

கவனிப்பவர் சோர்ந்து போனால்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைப் பேசாமல் விட்டால் அநீதியாகிவிடும். வருடக்கணக்கில் துணையைக் கவனிக்கிறவர் படும் பாடு. காலையில் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கடையைத் திறந்து, மாலையில் மாத்திரை வாங்கி, இரவில் கால் பிடித்துவிட்டு, நடுராத்திரி எழுந்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறவர்கள் நம் ஜமாஅத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில நேரம் வெறுப்பு வருகிறது. பிறகு, “நோயாளி மீது போய் வெறுப்படைந்தேனே” என்ற குற்ற உணர்வு வருகிறது. இரண்டையும் யாரிடமும் சொல்ல முடிவதில்லை.

சகோதரரே, நீங்கள் செய்வது சாதாரண அமல் இல்லை. ஹிஜ்ரி 2-ல் பத்ருப் போருக்கு எல்லோரும் புறப்பட்டபோது, உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவி, நபி (ஸல்) அவர்களின் மகளார் ருகய்யா (ரலி) நோயுற்றிருந்தார்கள். உஸ்மான் (ரலி) மனைவியோடு இருக்கும்படி ஏவப்பட்டார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் உண்டு, போர்ப் பொருளில் பங்கும் உண்டு என்று நபியவர்கள் அறிவித்தார்கள். புகாரியின் 3130-வது ஹதீஸ் இது. வெற்றிச் செய்தி மதீனாவுக்கு வந்தபோது ருகய்யா (ரலி) அவர்களின் கப்ரின் மீது மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்று வரலாற்றில் வருகிறது. நோயுற்ற மனைவியின் கட்டில் அருகே இருந்தவர் பத்ருக்காரர் பட்டியலில் சேர்க்கப்பட்டார். வலியுள்ள துணையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதைவிட என்ன நற்செய்தி வேண்டும்?

ஆனால் உங்களுக்கும் ஓய்வு வேண்டும். உடலுக்கு உரிமை உண்டு, கண்ணுக்கு உரிமை உண்டு, மனைவிக்கு உரிமை உண்டு என்பது நம் தீன். “எனக்கும் இன்னைக்கு முடியலைம்மா, ஒரு மணி நேரம் தூங்கிட்டு வரட்டுமா?” என்று மரியாதையாகச் சொல்வதில் தவறில்லை. சொல்லாமல் அடக்கி ஒரு நாள் வெடிப்பதைவிட அது எவ்வளவோ மேல். மாமியார், நாத்தனார், அண்ணன், தம்பி எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தனுப்பினால் அதுவும் நோயாளிக்குச் செய்யும் பணிவிடைதான்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

சில விஷயங்களை நேரடியாகச் சொல்கிறேன்.

முதலாவது, நம்புங்கள். “நேத்து கல்யாண வீட்டுல நல்லாத்தானே இருந்தே?” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அந்த இரண்டு மணி நேரம் சிரித்து நிற்பதற்காக அவர் முந்தைய நாளும் அடுத்த நாளும் என்ன விலை கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது, கவனியுங்கள். ஆயிஷா (ரலி) தம் மீது எப்போது திருப்தியாக இருக்கிறார், எப்போது கோபமாக இருக்கிறார் என்று தமக்குத் தெரியும் என நபி (ஸல்) சொன்னார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டபோது, சத்தியம் செய்யும்போது திருப்தியாக இருந்தால் முஹம்மதின் ரப் மீது என்பாய், கோபமாக இருந்தால் இப்ராஹீமின் ரப் மீது என்பாய் என்றார்கள். புகாரியின் 5228-வது ஹதீஸ். ஒரே ஒரு பெயர் மாறுவதை வைத்து மனைவியின் மனதைப் படித்த கணவர் நம் நாயகம். மனைவி படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து ஏறுவதையாவது நாம் கவனிக்கக் கூடாதா?

மூன்றாவது, எளிய பாஷை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எவ்வளவு என்று கேட்பார்கள். வீட்டிலும் அதைப் பயன்படுத்தலாம். “இன்னைக்கு எத்தனை?” “ஏழுங்க.” அவ்வளவுதான், நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. ஏழு என்றால் இன்று இரவு தோசை இல்லை, கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, வலி உள்ளவர்களே, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “வலிக்குது” என்று மட்டும் சொன்னால், பாவம், அவர் டாக்டரைத் தேடி ஓடுவதா, பக்கத்தில் உட்காருவதா என்று தெரியாமல் திகைப்பார். “ஒண்ணும் செய்ய வேண்டாம், பத்து நிமிஷம் பக்கத்துல உக்காருங்க” என்று சொல்லிவிடுங்கள்.

ஐந்தாவது, அந்தரங்க உறவைப் பற்றியும் பேசிக்கொள்ள வேண்டும். கணவன் அழைத்து மனைவி மறுப்பது பற்றிய ஹதீஸைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மார்க்கம் ஏற்கும் காரணம் எதுவும் இல்லாமல் மறுப்பதைத்தான் அது குறிக்கிறது என்று இமாம் நவவி (ரஹ்) தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நோயும் வலியும் காரணம்தான். நின்று தொழ முடியாதவருக்கு உட்கார்ந்து தொழவும், அதுவும் முடியாதவருக்குப் படுத்துத் தொழவும் சலுகை கொடுத்த மார்க்கம் இது. அல்லாஹ்வே தன் உரிமையில் விட்டுக் கொடுக்கும்போது, அடியான் தன் உரிமையில் பிடிவாதம் பிடிக்கலாமா?

ஆறாவது, கை வையுங்கள். நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டாரில் ஒருவருக்கு நோய் வந்தால் வலது கையால் தடவி, ஷிஃபா கேட்டு துஆ செய்வார்கள். புகாரியின் 5743-வது ஹதீஸ். அவர்களுடைய இறுதி நோயில் ஆயிஷா (ரலி) பாதுகாவல் தேடும் சூராக்களை ஓதி, நபியவர்களின் கையையே எடுத்து அவர்கள் மேனியில் தடவினார்கள். இந்தக் கை அந்தக் கைக்கு, அந்தக் கை இந்தக் கைக்கு.

முஸ்லிமின் 2202-வது ஹதீஸையும் கேளுங்கள். உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய நாளிலிருந்து உடலில் இருந்த வலியை நபியவர்களிடம் சொன்னார்கள். வலிக்கும் இடத்தில் கையை வைத்து மூன்று முறை பிஸ்மில்லாஹ் சொல்லும்படியும், நான் உணரும் தீங்கிலிருந்தும் நான் அஞ்சும் தீங்கிலிருந்தும் அல்லாஹ்விடமும் அவன் வல்லமையிடமும் பாதுகாவல் தேடுகிறேன் என்று ஏழு முறை கேட்கும்படியும் நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். உணர்வது வேறு, அஞ்சுவது வேறு. இன்றைய வலி ஒன்று, நாளை என்ன ஆகுமோ என்ற அச்சம் இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்தே நபியவர்கள் துஆ கற்றுக்கொடுத்தார்கள். நாமும் துணையிடம் இரண்டையும் கேட்க வேண்டும். “எங்க வலிக்குது?” என்று ஒரு கேள்வி. “எதை நினைச்சுப் பயமா இருக்கு?” என்று இன்னொரு கேள்வி.

மருத்துவத்தை விட்டுவிடாதீர்கள்

ஓதிப் பார்ப்பது சுன்னத். மருத்துவம் செய்வதும் சுன்னத். ஒன்றைச் சொல்லி மற்றதை விடக் கூடாது. நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும், வலி தணிக்கும் பராமரிப்பும் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

வலி நீண்டு நீண்டு, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால், தயவுசெய்து அதை மறைக்க வேண்டாம். உடனே துணையிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அப்படி ஒருவர் சொல்லும்போது, “ஈமான் இல்லையா உனக்கு?” என்று கேட்டுவிடாதீர்கள். அவர் உங்களிடம் வந்து சொன்னதே ஈமானின் வெளிச்சத்தில்தான்.

இன்று வீட்டுக்குப் போனதும்

அல்லாஹ் கணவன் மனைவியை ஒருவருக்கொருவர் ஆடை என்கிறான். ஆடை உடம்போடு ஒட்டியிருப்பது. எங்கே காயம் இருக்கிறது என்பது வேறு யாரையும்விட ஆடைக்குத்தான் முதலில் தெரியும். அது காயத்தை ஊருக்குக் காட்டாது. குளிருக்கும் வெயிலுக்கும் நடுவே நின்று காக்கும்.

இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போகிறீர்கள். பிரியாணியோ சோறோ சாப்பிட்ட பிறகு, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். “உனக்கு எப்படி இருக்கு?” கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். முதலில் “ஒண்ணுமில்லைங்க” என்றுதான் பதில் வரும். வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய பதில் அது. அவசரப்பட்டு எழுந்து போய்விடாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். உண்மையான பதில் அதற்குப் பிறகுதான் வரும்.

அந்தச் சகோதரியின் கணவர் இங்கே உட்கார்ந்திருக்கலாம். உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, சகோதரரே. நான் சொன்ன ஸப்ரை நம்பித்தான் நீங்கள் அப்படிப் பேசினீர்கள். அன்று நான் விட்ட பாதியை இன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று வீட்டுக்குப் போய், “ஹஜ்ரத் இன்னைக்கு வேற சொன்னாருடா” என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாலும் போதும்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளில் வலியோடு இருப்பவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! ஷிஃபா தாமதமானால் அவர்களின் ஒவ்வொரு வேதனைக்கும் பாவமன்னிப்பைக் கூலியாக ஆக்குவாயாக! அவர்களைக் கவனிப்பவர்களின் கைகளுக்கு வலிமையையும், மனதுக்கு இரக்கத்தையும், உறக்கத்துக்கு அமைதியையும் தருவாயாக! எங்கள் நாவை ஆறுதலாகவும், எங்கள் செவியை அமானிதமாகவும் ஆக்குவாயாக! எங்கள் கணவன் மனைவியரிடையே நீ வைத்த அன்பையும் கருணையையும் முதுமை வரை, மௌத் வரை, சொர்க்கம் வரை நீடிக்கச் செய்வாயாக! சொன்ன எனக்கும் கேட்ட உங்களுக்கும் அமல் செய்யும் தவ்ஃபீக்கை வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.